காவல்முனிக்கு நாலு எலுமிச்சம்பழம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. தீபாவளிக்குக்கூட இவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை என்றார் பூக்கடைக்காரர். சொல்லிவிட்டு அவரும் கடையைப் பாதி சாத்தி மண்டபத்துக்குள் ஓடினார். ஒருவர் தன் காரை இன்னொருவர் கார் மடியிலேயே உட்கார வைத்த மாதிரி நிறுத்திவிட்டுப் போயிருந்தார். என்ன விசேஷம்? கல்யாணமா? இல்லை. சாமியார் வந்திருக்கிறாரா? கிட்டத்தட்ட.

வாசலில் பத்தடி பேனர். "ஹேக்கரை எரிக்கும் காவல்முனி! தானே பார்க்கும்! தானே யோசிக்கும்! தானே அடிக்கும்! மனிதனே தேவையில்லை!" கடைசி வரியைப் படித்துவிட்டு முந்நூறு மனிதர்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஜனங்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இப்போதெல்லாம் போன் மணி அடித்தாலே கவிழ்த்து வைக்கிறார்கள். ஒருத்தன் போலீஸ் என்கிறான், ஒருத்தன் பார்சல் வந்திருக்கிறது என்கிறான், ஒருத்தன் லிங்க் அனுப்புகிறான். தெரியாமல் விரல் பட்டால் பேங்கில் இருந்தது போச்சு. பயந்துபோன ஜனத்துக்கு நடுவில் கடை போடத் தெரிந்தவன்தானே கெட்டிக்காரன்?

கெட்டிக்காரரின் பெயர் டாக்டர் ரிஷி. எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே ருத்ராட்சம், நெற்றியில் திருநீறு, காதில் புளூடூத். பெங்களூரில் ஆராய்ச்சி, பாஸ்டனில் ஆராய்ச்சி, பத்துமலையில் ஞானம். நோட்டீசில் அப்படித்தான் போட்டிருந்தது.

"அண்ணே, அக்கா! இன்னிக்கு உலகம் பூரா ஆராய்ச்சி எதப் பத்தி? ஆட்டோனமஸ் சைபர் டிஃபென்ஸ்! ஏஐ தானா முழிச்சிருந்து, தானா திருடனப் புடிக்கும். வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கிறான். நம்ம காவல் முனி என்ன பண்ணுச்சு? தோட்டத்து எல்லையில உக்காந்து ஊரக் காத்துச்சா இல்லையா? யாராச்சும் அதுக்கு சுவிட்ச் போட்டீங்களா? அதான் முதல் ஏஐ! அந்த முனியோட அல்காரிதத்த நான் இந்தப் பெட்டிக்குள்ள இறக்கியிருக்கேன்!"

கைத்தட்டலில் மண்டபத்துக் காற்றாடி ஆடியது. பெட்டி என்னவோ பிஸ்கட் டின் அளவுதான். கறுப்பு. நடுவில் ஒரு நீல விளக்கு. ஆனால் அதோடு சேர்த்திருந்த திரையைப் பார்க்க வேண்டுமே! உலகப் படம். ரஷ்யாவிலிருந்து ஒரு சிவப்புக் கோடு சீறி வருகிறது. பிரேசிலிலிருந்து ஒன்று. வட கொரியாவிலிருந்து நாலு. எல்லாம் நேராகப் பிரிக்பீல்ட்ஸை நோக்கி! வந்த வேகத்தில் 'டுமீல்' என்று வெடித்துப் பச்சையாகின்றன. மேலே எண் ஓடுகிறது. தடுத்த தாக்குதல் 14,212. தடுத்த தாக்குதல் 14,219.

"அலாமாக்!" என்று ஓர் அம்மாள் தன் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வட கொரியாவுக்கு அந்தப் பையில் என்ன வேலை என்று அவர் யோசிக்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர் மட்டும் கை தூக்கினார். "டாக்டர், இது நெஜமாவே தடுக்குதான்னு எப்படித் தெரியும்?"

ரிஷி வருத்தமாகச் சிரித்தார். "சந்தேகந்தாண்ணே முதல் வைரஸ். செலாயாங் ராஜன் அண்ணன் வந்திருக்காரு, அவரே சொல்லட்டும்."

ராஜன் செலாயாங்கில் மொத்த காய்கறி வியாபாரி. மேடையேறி மைக்கைப் பிடித்தார். "நான் பெட்டி வச்சு ரெண்டாவது வாரமே என் கம்ப்யூட்டர எவனோ லாக் பண்ணிட்டான். டாக்டர்கிட்ட ஓடுனேன். வீட்ல யாரோ சந்தேகப்பட்டிருக்காங்கன்னு கரெக்டா சொன்னாரு! விசாரிச்சா, என் மாமியார். பெட்டியப் பார்த்து, 'இது என்னாய்யா, சும்மா மினுக்கிட்டு இருக்கு'ன்னு கேட்டிருக்கு. பரிகாரம் பண்ணேன். மாமியார சுங்கை பூலோவுல மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப ஒரு பிரச்சனையும் இல்ல."

மண்டபம் அதிர்ந்தது. மருமகன்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

பெட்டி இருந்தும் பூட்டுப் போட்டானே, அப்புறம் பெட்டி எதற்கு? இந்தக் கேள்வி முந்நூறு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் சந்தேகம். சந்தேகப்பட்டால் வைரஸ். என்ன அழகான பூட்டு பாருங்கள்! கம்ப்யூட்டருக்குப் போடத் தெரியாதவர் வாய்க்குப் போட்டுவிட்டார்.

முதல் வரிசையில் கண் கலங்க உட்கார்ந்திருந்தார் லோகன். கிள்ளானில் ஒரு தர்ம டயாலிசிஸ் நிலையத்தின் தலைவர். நல்ல மனிதர். ஒரே குறை, மைக்கில் பேசினால் எதையும் நம்புவார். கூட்டம் கலைவதற்குள் நிலையத்துக்கு ஒரு காவல்முனியைக் கேட்டுவிட்டார். விலையா? விலை கேட்பதும் சந்தேகக் கணக்கில் சேருமாம்.

அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செத்துப்போன நாற்பத்திரண்டு பேர் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வந்து, நாலு நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். யாருக்கு எவ்வளவு எடை இருக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது, எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவள் கிளார்க் மலர்விழி. பதினோரு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் பிரதி எடுத்து, கைப்பையில் குடைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வெள்ளம் வந்த வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டர் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. மறுநாள் அத்தனை பேருக்கும் வேறு நிலையத்தில் சிகிச்சை நடந்ததென்றால், அது அந்த டிஸ்க்கால்தான்.

அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் பாலன். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். மெஷினில் ரத்தம் உறையாமலிருக்க எல்லோருக்கும் ஹெப்பாரின் என்று ஒரு மருந்து போடுவார்கள். பாலனுக்கு மட்டும் அது விஷம். ஒரு தடவை வேறெங்கோ தெரியாமல் போட்டுவிட, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். கம்ப்யூட்டரில் அவருடைய பக்கத்தில் மலர்விழி சிவப்பு எழுத்தில் பெரிதாகப் போட்டு வைத்திருந்தாள்: ஹெப்பாரின் கூடவே கூடாது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ரிஷி பெட்டியோடு வந்து இறங்கினார்.

"கம்ப்யூட்டரோட நட்சத்திரம் என்ன?"

மலர்விழி முழித்தாள். "அது... விண்டோஸ் டாக்டர்."

"வாங்குன பில்லக் காட்டுங்க." தேதியைப் பார்த்தார், விரலை மடக்கினார். "ரோகிணி. உங்க வைஃபை கேட்டை. பொருத்தமே இல்ல. இத்தன நாள் குடும்பம் நடத்துனதே பெரிசு."

லோகன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

புது கார் வாங்கினால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம் அல்லவா? பெட்டிக்கும் அதே மரியாதை. நாலு மூலைக்கும் நாலு பழம். பெட்டி தானே உருளாதே! லோகன் இரண்டு கையாலும் அழுத்தினார். முழங்கையால் அழுத்தினார். கடைசியில் பாதி உட்கார்ந்தே விட்டார். பழம் தெறித்துச் சாறு மேசையெல்லாம் ஓட, மலர்விழி டிஷ்யூவோடு ஓடி கீபோர்டைத் தூக்கிக் காப்பாற்றினாள். அன்று உண்மையான தாக்குதலைத் தடுத்தது அவள் ஒருத்திதான்.

அடுத்து ரிஷி ஒரு சுருட்டை எடுத்தார். முனிக்குப் படையலாம். தலைமை நர்ஸ் சீதாலெட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"டாக்டர், இது டயாலிசிஸ் சென்டர். சுருட்டுக் கொளுத்துனா நான் உங்களையும் கொளுத்திருவேன்."

"கொளுத்தாமலும் வைக்கலாம் சிஸ்டர். புது வெர்ஷன்ல அந்த ஆப்ஷன் இருக்கு."

பெட்டியிலிருந்து ஒரு நீல வயரை உருவி கம்ப்யூட்டரில் சொருகினார். "இதுதான் தொப்புள்கொடி. இது வழியாத்தான் காவல்முனி பாக்கும், இது வழியாத்தான் அடிக்கும். யாரும் தொடக்கூடாது." வயருக்கும் மேசைக்கும் மேலே ஒரு மஞ்சள் துணியைப் போர்த்தினார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரையை வைத்தார். அதில் உலகப் படம் வந்தது. வட கொரியா கிள்ளானை நோக்கிப் பாய்ந்தது. நாற்காலிகளில் இருந்த நோயாளிகள் நாடகம் ஓடிக்கொண்டிருந்த டிவியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டிவைரஸையும் ரிஷி அழித்துவிட்டார். ஒரு வாசலில் இரண்டு காவல்காரன் நின்றால் சண்டை வருமாம். பிறகு மலர்விழியின் கையில் இருந்த டிஸ்க்கைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தவர்போல ஓர் அடி பின்வாங்கினார்.

"இது என்ன?"

"பேக்கப் டாக்டர். தெனமும் எடுக்கிறது."

"தலைவரே, இங்கதான் இருக்கு தோஷம்! காவல்முனிய வச்சிட்டு இன்னொரு காப்பியும் வச்சிருந்தா அது என்ன நினைக்கும்? என்னை நம்பலன்னு நினைக்காதா? கோவிச்சுக்கிட்டு கண்ண மூடிரும். அப்புறம் நான் பொறுப்பில்ல. இனிமே காப்பியே எடுக்கக்கூடாது. இந்த டிஸ்க்க வெள்ளிக்கிழம காலையில பத்து மணிக்குள்ள, சிவப்புத் துணியில சுத்தி, பால் ஊத்தி, கடல்ல விட்டுரணும்."

"கடல்லயா?"

"போர்ட் கிள்ளான் பக்கந்தானே."

ரிஷி போனதும் மலர்விழி லோகனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இந்தக் கம்ப்யூட்டருக்கு வயசு எட்டு. தெனமும் ரெண்டு தடவ தானா அணைஞ்சு போவுது. நாளைக்கு இது செத்துப்போனா நம்மகிட்ட என்னா இருக்கும்? சீதா அக்கா திங்கக்கெழமையிலேர்ந்து லீவு. புதுசா வர்ற நர்ஸுக்கு பாலன் அண்ணன் யாருன்னே தெரியாது. ஹெப்பாரின் போட்டுருவாங்க."

"நீ இப்படி நெகட்டிவா பேசுறதுதான்மா பிரச்சன. செலாயாங் ராஜன் கதையக் கேட்டியா நீ? அவரு மாமியார் ஒரே ஒரு வார்த்த கேட்டுச்சு."

"அந்தம்மா கேட்டது நல்ல கேள்விண்ணே."

"மலரு! பெட்டிக்குக் கேக்கும்!" லோகன் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெழம வேன் சொல்லியாச்சு. ஸுடா லா, போதும், பேசாத."

அவ்வளவுதான். கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, டிஸ்க்கை வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மலர்விழி வீட்டு மாடி அறையில் அஸ்வின் என்று ஒரு பையன் வாடகைக்கு இருக்கிறான். திருநெல்வேலிக்காரன். ஷா ஆலம் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் சரியாக இதே விஷயத்தில்தான் ஆராய்ச்சி. புதன்கிழமை காலையில் அவன் தோசை சாப்பிட வந்தபோது, மைலோ கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, தானா யோசிச்சு திருடனப் புடிக்கிற ஏஐ நெஜமாவே இருக்கா?"

"இருக்குக்கா. நாங்க நாலு பேரு மூணு வருஷமா அதுக்குத்தான் பாடம் சொல்லிக் குடுக்கோம். போன வாரம் எங்க புரொஃபசரையே திருடன்னு நெனச்சு வெளிய தள்ளிப் பூட்டிட்டு. மனுசன் அரை நாள் தன்னோட மெயிலத் தொறக்க முடியாம கெடந்தாரு."

"இங்க ஒருத்தரு நூத்துக்கு நூறு புடிக்கும்ங்கிறாரு."

அஸ்வின் தோசையைக் கீழே வைத்தான். "அவரு அட்ரஸ் குடுங்கக்கா, கால்ல விழுந்துட்டு வாரேன். எங்களுது தொண்ணூறு புடிக்கும். மிச்சம் பத்து எது, ஏன் விட்டுச்சு, அதையெல்லாம் எழுதி வைக்கோம். அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி. தோத்த கணக்கச் சொல்லாதவன் யாவாரிக்கா."

"பேக்கப் எடுத்தா ஏஐக்குக் கோவம் வருமா?"

"என்னது? எங்க அறிக்கையில மொதப் பக்கமே, இது தோத்துப்போனா பேக்கப்ப வச்சு எப்படி மீட்டெடுக்கதுன்னுதான் இருக்கு."

"சரி, அது எப்படித்தான் பாக்குது?"

"வயர் வழியா போறது வாறதப் படிக்கும். வயரப் புடுங்கிட்டா அதுக்குக் கண்ணு கெடையாதுக்கா. ஒன்னுமே வரலைன்னு சொல்லணும், இல்லாட்டி கூப்பாடு போடணும்."

மலர்விழி கலக்கிக்கொண்டிருந்த மைலோ ஆறிப்போனது. அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, ஆபீஸ் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு வேலை செய்தாள். இரண்டு நிமிஷ வேலை. மஞ்சள் துணியை முன்பு இருந்த மாதிரியே இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை முழுக்கக் காவல்முனி அடி அடியென்று அடித்தது. நோயாளிகளில் மூத்தவரான இராஜம்மா திரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "ஐயோ, இன்னிக்கு ரஷ்யாக்காரன் ரொம்பக் கோவமா இருக்கான்" என்று நேரடி வர்ணனை வேறு.

வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே நிலையத்தில் கூட்டம். கமிட்டி ஆட்கள், அவர்கள் வீட்டு ஆட்கள், பிரிக்பீல்ட்ஸில் ரிஷியைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்க்க வந்தவர்கள். வாசலில் வேன். தாம்பாளத்தில் சிவப்புத் துணி, துணிக்குள் டிஸ்க், மேலே ஒரு சாமந்திப்பூ. பக்கத்தில் ஒரு பாக்கெட் பால். பாலன் அப்போதுதான் வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைவரே, அதுல இருக்கிறது என் உசுரு. பூ வேற வச்சிருக்கீங்க."

"பாலா, உன் உசுர இப்ப காவல்முனி பாத்துக்கும்."

"காவல்முனி வந்து ஊசி போடப் போறதில்லையே பாஸ். நர்ஸுதானே போடப் போறாங்க?"

லோகன், நல்ல நேரம் போய்விடும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரிஷி தாம்பாளத்தைத் தூக்கப் போனார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள் மலர்விழி. கையைக் கட்டிக்கொண்டு, குரலில் தேன். "சந்தேகம் இல்ல, ஒரு ஆசைதான். ரெண்டு நாளா காவல்முனி எங்கள எப்படிக் காப்பாத்துச்சுன்னு உங்க வாயால சொல்லிட்டுப் போங்களேன். எல்லாரும் வந்திருக்காங்க."

கேட்கவும் வேண்டுமா? கூட்டத்தைப் பார்த்தால் ரிஷிக்குக் குரல் தானாக ஏறும்.

"நல்லாக் கேட்டீங்கம்மா! நேத்துக் காலையில ஆறே காலுக்கு வட கொரியாவிலேர்ந்து பயங்கரமான அட்டாக்! நேரா இந்த சென்டரோட ரெக்கார்டுதான் குறி. அதுலயும் முதல்ல யாரு ஃபைலு தெரியுமா? இதோ நிக்கிறாரே, பாலன் அண்ணன் ஃபைலு!"

கூட்டம் 'ஐயோ' என்றது. பாலனே கொஞ்சம் ஆடிப்போனார்.

"கிட்ட வந்துட்டான். ஒரு இஞ்சுதான் பாக்கி. காவல்முனி கண்ணத் தொறந்துச்சு. பஸ்பம்!"

"நீங்களே பாத்தீங்களா டாக்டர்?"

"என் போன்ல லைவா பாத்தேன்."

"எல்லாம் இந்த நீல வயர் வழியாத்தான் வந்தானுங்களா?"

"வேற வழியே கெடையாதும்மா. தொப்புள்கொடின்னு அன்னிக்கே சொன்னேனே."

"சரி டாக்டர்."

மஞ்சள் துணியை உருவினாள். பெட்டியிலிருந்து கிளம்பிய நீல வயரை எல்லோரும் பார்க்க விரலால் தொட்டுக்கொண்டே போனாள். வயர் மேசை விளிம்புக்கு வந்தது, பின்பக்கமாக இறங்கியது, கம்ப்யூட்டரைத் தாண்டிப் போனது. மேசைக்கு அடியில் குனிந்து, வயரின் மறு நுனியோடு ஒரு பச்சை டின்னைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். காலி மைலோ டின். மூடியில் ஓட்டை போட்டு, அதற்குள் வயர் விடப்பட்டிருந்தது.

"புதன்கெழம சாயங்காலத்துலேர்ந்து உங்க காவல்முனி காப்பாத்திட்டு இருக்கிறது இதைத்தான்."

திரை அப்போதும் நிற்காமல் ஓடியது. தடுத்த தாக்குதல் 61,340. தடுத்த தாக்குதல் 61,347.

பாலன்தான் முதலில் வாயைத் திறந்தார். "வட கொரியாவுல மைலோ கெடைக்கலபோல லா!"

நிலையமே சிரித்தது. ரிஷி சிரிக்கவில்லை. ஆனால் அசரவும் இல்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"பாத்தீங்களா காவல்முனியோட கருணைய? ஒரு காலி டின்னக்கூட அது கைவிடல!"

தன் முறை இல்லாத நாளிலும் வேடிக்கை பார்க்க வந்திருந்த இராஜம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

லோகனுக்கு முகம் சிவந்தது. கோபம் யார்மேல்? மலர்விழிமேல்தான். "யாரக் கேட்டு வயர எடுத்த? ரெண்டு நாளா இத்தன பேஷன்ட்டு ரெக்கார்டும் காவல் இல்லாம கெடந்திருக்கு! ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"தப்புதாண்ணே, ஒத்துக்கிறேன். நீங்க ஒன்னு மட்டும் சொல்லுங்க. நான் வயர எடுத்த நிமிஷம் இந்தப் பெட்டி என்னா பண்ணியிருக்கணும்? கண்ணு தெரியலன்னு கத்தியிருக்கணுமா இல்லையா? கத்துச்சா? தானே பாக்கும், தானே யோசிக்கும்னு பேனர் போட்டீங்க. கம்ப்யூட்டருக்கும் டின்னுக்கும் வித்தியாசம் தெரியலையே! காவல் இல்லாம கெடந்துச்சுங்கிறீங்க. காவல் எப்பண்ணே வந்துச்சு?"

பாவம் லோகன், மைக் இல்லாமல் சொல்லப்பட்ட ஒரு விஷயம் முதல்முறையாக அவர் காதில் ஏறிக்கொண்டிருந்தது.

அதற்குள் பாலன் வெளியே போய் ஸ்குரூ டிரைவரோடு திரும்பியிருந்தார். "டாக்டர், லோரி ரேடியோவ நான்தான் ரிப்பேர் பண்ணுவேன். தொறந்து பாத்துட்டு மூடிரட்டுமா?"

"தொட்டா தலை வெடிக்கும்!" என்று ரிஷி பாய்ந்தார்.

"வாரத்துக்கு மூணு நாள் உடம்பு ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவிப் போடுறவன் நான். என்னைப் பயமுறுத்துறீங்களே பாஸ்."

நாலு ஸ்குரூ. மூடி கழன்றது. உள்ளே நீல விளக்கு ஒன்று. அதற்கு ஒரு பேட்டரி. டிவியின் பின்னால் சொருகிப் படம் ஓட்டுகிற விரல் நீளக் குச்சி ஒன்று, திரையோடு சேர்த்தபடி. பெட்டி கனமாக இருக்க வேண்டுமே, அதற்காக பேப்பரில் சுற்றிய அரைச் செங்கல். நீல வயரின் இந்த நுனி எதிலும் சேரவில்லை. செங்கல்லோடு டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"இந்தப் பக்கம் செங்கல், அந்தப் பக்கம் டின்னு" என்றார் பாலன். "நல்ல பொருத்தம்லா. நட்சத்திரம் பாத்துத்தான் போட்டிருக்காரு."

குச்சியைப் பிடுங்கினார். உலகப் படம் அணைந்தது. அதை நாடகம் ஓடும் டிவியில் கொண்டுபோய்ச் சொருகினாள் மலர்விழி. நாடகம் போய் அங்கேயும் உலகப் படம் வந்தது. வட கொரியா பாய்ந்தது. எண் புதிதாக ஆரம்பித்தது. தடுத்த தாக்குதல் 14,212. தடுத்த தாக்குதல் 14,219.

லோகன் டிவிக்குக் கிட்டே போனார். "இது... ஞாயித்துக்கெழம பிரிக்பீல்ட்ஸ்ல பாத்த நம்பரு."

அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை. டாக்டர் ரிஷி டாய்லெட் எங்கே என்று கேட்டார். சீதாலெட்சுமி வழி காட்டினார். அவர் அந்த வழியில் போகாமல் வாசல் வழியில் போனார். காரை எடுக்கலாமென்றால், கடலுக்குப் போக வரவழைத்த வேன் பின்னால் குறுக்கே நின்றது. வேன் டிரைவர் காப்பி குடிக்கப் போயிருந்தார். ஆகவே சீதாலெட்சுமி போன் போட்டுக் கூப்பிட்ட போலீஸ் வரும்வரை டாக்டர் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தியானத்தில் இருந்தார்.

உள்ளே லோகன் தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பூவை எடுத்துவிட்டு, சிவப்புத் துணியை அவிழ்த்து, டிஸ்க்கைத் தன் சட்டையில் துடைத்து மலர்விழியிடம் நீட்டினார்.

"மலரு... எனக்குக் கேக்கத் தெரியலம்மா. எது சொன்னாலும் கேட்டுக்கத்தான் தெரியுது."

"கேக்கிறதுக்கு டாக்டர் பட்டம் வேணாம்ண்ணே. அந்த ஆன்டிவைரஸ மொதல்ல திரும்பப் போட்டுக்கிறேன்."

சீதாலெட்சுமி கம்ப்யூட்டரில் பாலன் பக்கத்தைத் திறந்து, சிவப்பு எழுத்தைப் பெரிதாக அச்சடித்து, பாலனுடைய நாற்காலித் தலைமாட்டில் ஒட்டினார். திங்கட்கிழமை வருகிற நர்ஸ் எவராக இருந்தாலும் அதைத் தாண்டி ஊசி போட முடியாது. பாலன் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார். "இப்பப் போடுங்க சிஸ்டர். எனக்கு நாலு மணிக்கு லோரி இருக்கு."

செலாயாங் ராஜனுக்கும் செய்தி போனது. மாமியாரைத் திரும்ப அழைத்து வருவதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம். யோசிக்கட்டும். யோசிக்க ஆரம்பித்திருக்கிறாரே, அதுவே முன்னேற்றம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. வாசலில் மலர்விழியைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"தங்கச்சி, அப்ப எந்தப் பெட்டிதான் நல்ல பெட்டி? நீயே கைப்பட ஒன்னு வச்சுக் குடேன்."

"நீ வந்து எங்க கடையில ஒரு தடவ வயரத் தொட்டுட்டுப் போம்மா. உன் கை ராசியான கை."

இராஜம்மா மெதுவாக நடந்து வந்து காதோடு கேட்டார். "ஏன்மா, அந்த டின்ன எனக்குக் குடுக்கிறியா? ரெண்டு நாளா ஒருத்தனையும் கிட்ட விடலையே."

ஒரு சாமியாரை விரட்டி அரை மணி நேரம் ஆகவில்லை, நாற்காலி காலியாக இருப்பது நம் ஜனத்துக்குப் பொறுக்கவில்லை. மலர்விழி தலையில் அடித்துக்கொண்டு, டிஸ்க்கைப் பைக்குள் போட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

ஹேக்கர் வருவான், வராமல் இருக்க மாட்டான். அவனைத் தடுக்க மெஷின் செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள், 'எங்கள் மெஷின் இந்த இந்த இடத்தில் தோற்கும்' என்று வெட்கப்படாமல் எழுதி வைத்துக்கொண்டு. அவர்களிடம் கேள்வி கேளுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். 'சந்தேகப்படாதே' என்று ஒருவன் சொன்னால், கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, காவி கட்டியிருந்தாலும் சரி, சந்தேகத்தை அவனிடமிருந்தே தொடங்குங்கள். அதற்கு நல்ல நேரமும் பார்க்க வேண்டாம், கரண்டும் செலவாகாது.